கண்ணில் கண்டது காகிதத்தில் இருக்கட்டும்

(தோட்டத் தொழிலாளர்களும் சிப்பந்திகளும் கூடிய கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், போனஸ், மருத்துவ விடுப்பு என்று பேசிப் பேசிப் பழகிய இந்த மேடையில், இன்று நாம் காத்தாடியைப் பற்றியும் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தவறில்லை. நாங்களும் ஒரு காலத்தில் சிரித்தவர்கள்தாம். பூட்டைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போடச் சுவரைத் தடவிய அன்றுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

தோட்டத்து வீடு நம்முடைய வீடன்று. வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். தகப்பனும் பாட்டனும் பிறந்த லயமாக இருந்தாலும் இதுதான் நிலைமை. ஆகவே 60 வயதை நெருங்கும் ஒவ்வொரு தொழிலாளியும், ஒவ்வொரு கிராணியும், வெளியில் ஒரு தாமானில் சிறிய வீடாவது வாங்கிவிட வேண்டும் என்று தவிக்கிறார். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஊழியர் சேமநிதியில் மாதாமாதம் நம் சம்பளத்திலிருந்து பிடித்த பணம் அதற்குக் கைகொடுக்கிறது. 2024 மே மாதத்தில் அந்தச் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்ட பிறகு, வீட்டுக்கென்று எடுப்பது ‘செஜாதெரா’ கணக்கிலிருந்து. அந்தப் பணத்தோடு வங்கிக் கடனையும் சேர்த்து வாங்குகிறோம். வாழ்நாளில் நாம் செய்யும் மிகப் பெரிய வாணிபம் இதுவே. அந்த வாணிபத்தை வாய்ப்பேச்சில் செய்யலாமா என்பதே இன்றைய கேள்வி.

எங்கள் கதை

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறோம். பிறர் கதையைச் சொன்னால் கேலியாகத் தோன்றும். நம் சொந்தத் தவற்றைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்துவிட்டு, தாமானில் ஒரு பழைய டெரஸ் வீட்டைப் பார்க்கப் போனோம். மாலை ஐந்து மணி இருக்கும். கூடத்தில் இரண்டு காத்தாடிகள் சுழன்றுகொண்டிருந்தன. அறைக்கு ஒரு காத்தாடி. முன்னறையில் ஏர்கோன். குளியலறையில் வெந்நீர் ஹீட்டர். சமையலறையில் சுவர் முழுவதும் கேபினெட், கேஸ் அடுப்பு, அதற்கு மேல் புகை உறிஞ்சி. பின்வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலை மரம். வீட்டுக்காரி அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கேயே வீடு முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“இதெல்லாம் வீட்டோடு சேர்ந்ததுதானே?” என்று கேட்டோம். விற்றவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். “எல்லாம் அப்படியே இருக்கும் அண்ணே, கவலைப்படாதீங்க” என்றார். அவர் மனைவியோ, “நாங்க புது வீட்டுக்குப் போறோம் அக்கா, பழசையெல்லாம் தூக்கிக்கிட்டா போகப் போறோம்?” என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். முன்பணத்தைக் கொடுத்தோம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். அது ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தும் நாங்கள் அதை முழுவதும் படிக்கவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நான்கு மாதம் கழித்துச் சாவி கைக்கு வந்தது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சப் போனோம். கதவைத் திறந்தால் கூடத்து மேற்கூரையில் இரண்டு ஓட்டைகள். ஓட்டைக்கு ஒன்றாக வயர் தொங்கியது. காத்தாடி ஒன்றுகூட இல்லை. விளக்குகள் இல்லை. ஏர்கோன் இருந்த இடத்தில் சுவரில் வட்டமாக ஒரு துளை. அதன் வழியே வெளிச்சம் வந்தது. ஹீட்டர் இல்லை. அடுப்பும் இல்லை, புகை உறிஞ்சியும் இல்லை. கேபினெட் இருந்தது, சிங்க்கும் இருந்தது. ஆனால் சிங்க்குக்கு மேல் இருந்த குழாயைக் கழற்றிவிட்டுத் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். பின்வாசலில் கறிவேப்பிலை மரம் நின்ற இடத்தில் ஒரு குழி.

எடுத்துப்போக வேண்டியதையோ விட்டுப்போயிருந்தார்கள்: கால் உடைந்த சோபா, ஊறிப்போன மெத்தை, துருப்பிடித்த அலமாரி. அவற்றை லாரி வைத்து அப்புறப்படுத்தியதும் எங்கள் செலவுதான்.

பால் காய்ச்சத் தண்ணீர் வேண்டுமே! பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி ஒரு குடம் தண்ணீரும், தம் வீட்டுச் சிறிய கேஸ் அடுப்பும் கொடுத்து உதவினார். அவர் கொடுத்த அடுப்பில்தான் எங்கள் புது வீட்டில் பால் பொங்கியது. அந்த அம்மையாரை என்றும் மறவோம். ஆனால் அன்று வீட்டுக்காரி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வந்திருந்த உறவினர்கள் முன்னால், மேலே தொங்கும் வயரைப் பார்க்காதவர்போல் நின்றார்.

அந்த மாதம் காத்தாடி, விளக்கு, ஹீட்டர், அடுப்பு, குழாய், சுவரை அடைக்கும் கூலி என்று 3,000 வெள்ளிக்கு மேல் போயிற்று. வழக்கறிஞரிடம் போனோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?” புரட்டிப் பார்த்தோம். வீட்டின் முகவரி இருந்தது. விலை இருந்தது. ‘இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்’ என்று ஒரு வாசகம் இருந்தது. காத்தாடி என்ற சொல் எங்கும் இல்லை. “குழாயைக் கழற்றியது தவறு, அதைக் கேட்கலாம். மற்றவற்றுக்கு வாதாட வேண்டும். வாதாடினால் காத்தாடியின் விலையைவிட வாதத்தின் விலை கூடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சட்டம் கேட்கும் இரண்டு கேள்விகள்

அப்படியானால் வீட்டில் எது வீட்டைச் சேர்ந்தது, எது ஆளைச் சேர்ந்தது? இதற்குச் சட்டம் இருக்கிறது. அது நமக்குப் புதியதும் அன்று.

தீபகற்ப மலேசியாவுக்குரிய 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம், ‘நிலம்’ என்றால் என்ன என்று 5ஆம் பிரிவில் சொல்கிறது. மண் நிலம், மண்ணுக்கு அடியில் இருப்பதும் நிலம். மண்ணில் வளரும் பயிர் பச்சை, அவ்வப்போது மனிதன் உழைத்தால்தான் பலன் தரும் என்றாலும், அதுவும் நிலம். மண்ணோடு இணைக்கப்பட்டவை, அப்படி இணைக்கப்பட்டவற்றோடு நிலையாகப் பொருத்தப்பட்டவை, இவையும் நிலமே.

இதை நமக்கு விளக்க வக்கீல் வேண்டுமா? நாம் தினமும் பார்ப்பதுதானே! ரப்பர் மரம் மண்ணைச் சேர்ந்தது. தோட்டம் கைமாறினால் மரமும் கைமாறும். நாம் எத்தனை ஆண்டு அதை வெட்டியிருந்தாலும் அதன்மேல் நமக்கு உரிமை இல்லை. ஆனால் நம் இடுப்பில் இருக்கும் கத்தி மண்ணைச் சேர்ந்ததன்று. மரம் நிலத்தோடு போகும். கத்தி அதற்கு உடையவனோடு போகும். வீட்டுக்கும் இதே கணக்குத்தான். சுவர், கூரை, கதவு, சன்னல் ஆகியவை மரம் போன்றவை. நாற்காலி, கட்டில், குளிர்பெட்டி ஆகியவை கத்தி போன்றவை. சண்டை எல்லாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பொருள்களைப் பற்றியதே.

நடுவில் இருப்பதைப் பிரிக்க நீதிமன்றங்கள் நெடுங்காலமாக இரண்டு கேள்விகளைக் கேட்டு வருகின்றன. ஒன்று: எவ்வளவு இறுக்கமாகப் பொருத்தப்பட்டது? இரண்டு: எதற்காகப் பொருத்தப்பட்டது? கட்டடத்தை மேம்படுத்தவா, அல்லது அந்தப் பொருளையே பயன்படுத்திக்கொள்ளவா?

இங்கிலாந்தில் 1872இல் தீர்ப்பான ஒரு வழக்கில், ஆலையின் தரையில் ஆணியடித்துப் பொருத்திய நெசவுத் தறிகள் ஆலையோடு சேர்ந்தவையே என்று முடிவாயிற்று. அதில் நீதிபதி ஓர் உவமை சொன்னார். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கி எழுப்பிய சுவர், நிலத்தைச் சேர்ந்தது. அதே கற்களைக் கல் வியாபாரி தன் முற்றத்தில் இட வசதிக்காகச் சுவர்போல் அடுக்கி வைத்தால், அவை வெறும் கற்கள்தாம். கல் ஒன்றே, அடுக்கும் ஒன்றே, நோக்கம் வேறு. இந்த வழி நம் நாட்டு நீதிமன்றங்களுக்கும் பழக்கமானதே. 1964இல் கோலாலம்பூரில், பெட்ரோல் நிலையத்தில் பூமிக்கடியில் புதைத்துக் கான்கிரீட் போட்டு மூடிய எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றி வழக்கு எழுந்தது. கான்கிரீட்டை உடைக்காமல் எடுக்க முடியாத அந்தத் தொட்டிகள் நிலத்தைச் சேர்ந்தவையே என்று தீர்ப்பாயிற்று.

வீட்டுப் பொருள்களையே வரிசையாக எடுத்துப் பேசிய தீர்ப்பு ஒன்று 1996இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வந்தது. கடன் கட்டாததால் வங்கி எடுத்துக்கொண்ட ஒரு வீட்டில், எவை வங்கிக்குப் போகும் என்பதே வழக்கு. குளியலறைக் குழாய்கள் வீட்டைச் சேர்ந்தவை என்றார்கள். சமையலறைக் கேபினெட்டும் சிங்க்கும் அப்படியே. தரைக் கம்பளம், திரைச்சீலை, மாட்டியிருந்த விளக்குகள், குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை வீட்டைச் சேர்ந்தவை அல்ல என்றார்கள். அந்தத் தீர்ப்பு நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எங்கள் கூடத்தில் தொங்கிய வயரை நினைத்துப் பாருங்கள். குழாய் கேட்கலாம், விளக்குக்கு வாதாட வேண்டும் என்று எங்கள் வழக்கறிஞர் சொன்னதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

இன்னும் ஒரு விசித்திரம் கேளுங்கள். கம்பத்தில் மரத்தூண்கள்மேல் நிற்கும் மலாய்ப் பலகை வீட்டை, நிலத்திலிருந்து தனியாகப் பிரித்து விற்கக்கூடிய பொருளாகவே வழக்கம் கருதி வந்தது. 1953இல் வந்த ஒரு தீர்ப்பும் அதை ஏற்றது. அதாவது, வீடே நிலத்தைச் சேராமல் போகலாம்! பலகை வீடு வாங்கப் போகிறவர்கள் இதை நன்றாக மனத்தில் வையுங்கள். நீங்கள் வாங்குவது நிலத்தையா, நிலமும் வீடும் சேர்த்தா, அல்லது வெறும் பலகையையும் தகரத்தையுமா? நிலப்பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்.

எழுதியது முந்தும்

இத்தனை சட்டம் சொன்னது உங்களை வழக்குக்கு அனுப்புவதற்காக அல்ல. வழக்குக்குப் போகாமல் தடுப்பதற்காகவே. இந்த இரண்டு கேள்விகளும் எப்போது வருகின்றன? வாங்குபவரும் விற்பவரும் எதையும் பேசி எழுதாமல் விட்டபோதுதான். இன்ன இன்ன பொருள் வீட்டோடு சேரும், இன்ன இன்ன பொருளை விற்பவர் எடுத்துக்கொள்வார் என்று இருவரும் ஒப்பி எழுதிவிட்டால், ஆணியின் நீளத்தை அளக்கத் தேவையில்லை. எழுதியது முந்தும்.

தோழர்களே, வாய்ப்பேச்சுக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? நம் முன்னோர்கள் வாய்ப்பேச்சை நம்பிக் கப்பலேறியவர்கள். இங்கு வந்து இறங்கிய பிறகல்லவா அந்தப் பேச்சின் மதிப்புத் தெரிந்தது! கூட்டு ஒப்பந்தம் என்று ஒன்றைக் காகிதத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் போராடியது எதற்காக? நிர்வாகி நல்லவராக இருக்கலாம்; நாளை அவர் மாறிப் போவார். காகிதம் மாறாது. சம்பளத்துக்குக் காகிதம் கேட்கும் நாம், சேமநிதி முழுவதையும் கொட்டி வாங்கும் வீட்டுக்கு மட்டும் “அண்ணே” என்ற ஒரு சொல்லில் மயங்கலாமா?

பட்டியல் கேட்பது அவமரியாதை என்று சிலர் கூசுகிறார்கள். எங்களுக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. நன்றாகச் சிந்தித்தால், எங்களுக்கு விற்றவர் பொய் சொல்ல நினைத்தவர் என்று இன்றும் எங்களால் சொல்ல முடியவில்லை. ‘எல்லாம்’ என்று அவர் சொன்னபோது அவர் மனத்தில் கேபினெட்டும் கிரில்லும் இருந்திருக்கலாம். எங்கள் மனத்தில் காத்தாடியும் ஏர்கோனும் இருந்தன. ‘எல்லாம்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பட்டியல்கள் ஒளிந்திருந்தன. அன்றே எழுதியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எங்களுக்குப் பணமும் மிஞ்சியிருக்கும், அவர்மேல் கசப்பும் வந்திராது. ஆகவே பட்டியல் இரு தரப்பையும் காக்கிறது.

எப்படி எழுதுவது?

முதலாவது, காலம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் எழுத வேண்டும். பழைய வீடு கைமாறும்போது விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கொடுப்பதும், அதில் ஒரு சிறு பகுதியைத் தரகரிடம் முதலில் கட்டுவதும் வழக்கம். அந்தச் சிறு பகுதியைக் கட்டும்போதே, விலை பேசும் கடிதத்தோடு பட்டியலை இணைத்துவிடுங்கள். பிறகு ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞரிடம் அதைக் கொடுத்து, ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பணம் போன பிறகு கேட்பது, நிறுவை முடிந்த பிறகு பாலுக்குக் கணக்குக் கேட்பது போன்றதாகும்.

இரண்டாவது, நடை. உட்கார்ந்த இடத்தில் எழுதக்கூடாது. விற்பவரையும் கூட்டிக்கொண்டு வாசல் கேட்டிலிருந்து பின்வேலிவரை அறை அறையாக நடக்க வேண்டும். ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சொல். ‘பொருத்தப்பட்டவை அனைத்தும்’ என்று எழுதாதீர்கள். அது மறுபடியும் ‘எல்லாம்’தான். இப்படி எழுதுங்கள்:

முன்வாசல்: ஆட்டோ கேட் மோட்டார் 1, ரிமோட் 2, வேலை செய்யும் நிலையில்.
கூடம்: மேற்கூரைக் காத்தாடி 2, விளக்கு 4, திரைச்சீலைக் கம்பி 2.
முன்னறை: ஏர்கோன் 1, வெளிப்பெட்டியோடும் ரிமோட்டோடும்.
குளியலறை: ஹீட்டர் 1, கண்ணாடி 1, குழாய்கள் அனைத்தும்.
சமையலறை: கேபினெட் மேலும் கீழும், சிங்க் 1, குழாய் 1, கேஸ் அடுப்பு 1, புகை உறிஞ்சி 1.
பின்வாசல்: தண்ணீர்த் தொட்டி 1, கறிவேப்பிலை மரம் 1.
விற்பவர் எடுத்துக்கொள்வன: கூடத்துச் சாமி மேடை, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம்.

எண்ணிக்கை, பொருளின் பெயர், கம்பெனிப் பெயர், நிலைமை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். கம்பெனிப் பெயர் எதற்கு என்கிறீர்களா? புதிய ஏர்கோனைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. ‘ஏர்கோன் 1’ என்று மட்டும் எழுதியிருந்தால், பழையதும் ஏர்கோன் 1தானே!

நான்காவது, எடுத்துப்போவதால் வரும் சேதம். எதையாவது கழற்றினால் சுவர் ஓட்டையை அடைத்து, வயர் முனையைப் பாதுகாப்பாக மூடித் தர வேண்டும். வேண்டாத தட்டுமுட்டுச் சாமான்களை அப்புறப்படுத்திவிட்டு வீட்டைக் காலியாகத் தர வேண்டும் என்று இரண்டு வரி சேருங்கள். திறந்து தொங்கும் வயர் குழந்தைகள் இருக்கும் வீட்டில் உயிருக்கே ஆபத்து.

ஐந்தாவது, மறுபார்வை. ஒப்பந்தத்துக்கும் சாவிக்கும் இடையே சாதாரணமாக மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். மீதிப் பணம் விற்பவர் கைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் ஒருமுறை வீட்டைப் பார்க்க உரிமை உண்டு என்று எழுதச் சொல்லுங்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுங்கள். அந்த நாள்வரை உள்ள பில் அவருடையது, அதற்குப் பிறகு நம்முடையது.

கேட்க மறக்கும் கேள்விகள்

இப்போது வேறொரு பொறியைச் சொல்கிறோம். சுவரில் மாட்டியிருக்கும் தண்ணீர் வடிகட்டி விற்பவருடையதுதானா? இந்நாளில் வடிகட்டியையும் ஏர்கோனையும் மாதத் தவணையில், வாடகையில் மாட்டிக்கொள்வது பரவலாகிவிட்டது. தவணை முடியாத பொருள் கம்பெனிக்குச் சொந்தம். தனக்குச் சொந்தமில்லாததை அவர் எப்படி விற்க முடியும்? ஆகவே “பட்டியலில் உள்ளவை யாவும் எனக்கே சொந்தம், எதற்கும் தவணை பாக்கி இல்லை” என்று அவர் கையெழுத்தோடு ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.

தட்டுமுட்டுச் சாமான்களுக்கென்று தனித்தொகை கேட்டால், அது வீட்டு விலைக்குள் அடக்கமா, வெளியிலா என்று தெளிவாக எழுதுங்கள். வங்கி கடன் கொடுப்பது வீட்டின் மதிப்பைப் பார்த்து. உங்கள் சோபாவைப் பார்த்து அன்று. “விலையைக் கூட்டி எழுதிக்கொள்வோம், கடன் அதிகமாகக் கிடைக்கும்” என்று யாராவது காதில் ஓதினால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டவர் நாம். ஓதியவர் அப்போது காணாமல் போயிருப்பார்.

சாமி மேடை பற்றியும் மனம்விட்டுப் பேச வேண்டும். விற்பவர் சீனராக இருந்தால் அவர் வீட்டுப் பூசை மேடையை முறைப்படி எடுத்துச் செல்ல விரும்புவார். நம்மவராக இருந்தால் அவருடைய தாயார் விளக்கேற்றிய மாடத்தை விட்டுப் போக மனம் வராது. அதை விலைப்பொருளாகப் பேசாமல் மரியாதையோடு கேட்டு, எடுப்பதா விடுவதா என்று எழுதுங்கள். மரம் செடியும் அப்படியே. மண்ணில் வேரூன்றி நிற்பது சட்டப்படி நிலத்தைச் சேர்ந்தது. ஆனால் ஒருவர் கையால் நட்டு வளர்த்ததை முன்கூட்டியே சொல்லி ஒரு கன்று கேட்டால், கொடுக்க மாட்டோமா? சொல்லாமல் குழி தோண்டிப் போவதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

புது வீடு வாங்குவோர்க்கு

வீடமைப்புக் கம்பெனியிடம் புது வீடு வாங்குவோரும் நமக்கென்ன என்று இருந்துவிடக்கூடாது. அங்கே காட்சி வீடு என்று ஒன்றை அலங்கரித்து வைத்திருப்பார்கள். அதில் கட்டில், கேபினெட், தொங்கும் விளக்கு எல்லாம் இருக்கும். அவை பார்வைக்கு. கைக்கு வருவது எது? 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டாளர் சட்டத்தின் கீழ் வந்த 1989ஆம் ஆண்டு விதிகளில், ஒப்பந்தத்தின் வடிவமே அச்சிட்டுத் தரப்பட்டிருக்கிறது. தரைவீட்டுக்கு ‘ஜி’ அட்டவணை. அடுக்குமாடி வீட்டுக்கு ‘எச்’ அட்டவணை. தரைவீட்டு ஒப்பந்தத்தின் நான்காவது இணைப்பைத் திறந்து பாருங்கள். சுவர் எதனால், கூரை எதனால், கதவு எப்படிப்பட்டது, தரைக்கு என்ன ஓடு, கழிப்பறைச் சாதனங்கள் எவை, மின்சாரப் பொருத்துமுனைகள் எத்தனை என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். அதில் இல்லாதது காட்சி வீட்டில் இருந்து பயனில்லை. சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை அவர்கள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு.

கவனியுங்கள்: புது வீடு வாங்குவோருக்கு அரசாங்கமே பட்டியலை ஒப்பந்தத்துக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறது. பழைய வீட்டுக்கு அப்படி அச்சிட்ட ஒப்பந்தம் இல்லை. அங்கே நம் பட்டியலை நாம்தான் எழுத வேண்டும்.

நாம் விற்பவராக நிற்கும்போது

நியாயம் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. நாளை நாமும் விற்போம். அப்போது, வாங்குபவர் கண்ணில் பட்ட நல்ல காத்தாடியைக் கையெழுத்துக்குப் பிறகு கழற்றிக்கொண்டு போகக்கூடாது. ஆசைப்பட்ட பொருளை வீடு காட்டுவதற்கு முன்பே கழற்றி வைத்துவிடுங்கள். அல்லது “இது என்னோடு வரும்” என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒப்பந்தம் ஆன பிறகு வீட்டோடு சேர்ந்ததைக் கழற்றுவது, விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதாகும்.

தோட்டத்து வீட்டைக் காலி செய்யும் தோழர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. நம் காசில் மாட்டிய காத்தாடி, பின்னால் இறக்கிய தகரக் கொட்டகை, சிமெண்டுத் தரை, கட்டிய சாமி மாடம் என்று பலவற்றைச் செய்திருப்போம். நிலத்தோடு ஒட்டிவிட்டவற்றை நிர்வாகம் தன்னுடையது என்றே சொல்லும். ஆகவே எதையாவது மாட்டும்போதே ரசீதை எடுத்து வையுங்கள். போகும்போது எதை எடுக்கப் போகிறோம் என்று நிர்வாகிக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். அங்கேயும் காகிதம்தான் காக்கும்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்

கடைசியாக ஒன்று. ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். விடியற்காலை பிரட்டுக்கு எழுந்து, மரம் வெட்டிப் பாலெடுத்து, வெயிலில் களைத்து வரும் தொழிலாளி அந்த முப்பது நாற்பது பக்கத்தை எப்படிப் படிப்பார்? ஆபீசில் பேனா பிடிக்கும் கிராணிமார்களே, உங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பம் வீடு வாங்குகிறது என்று கேள்விப்பட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்குக் கொடுங்கள். அவர்களோடு அந்த வீட்டுக்குப் போங்கள். அறை அறையாக நடந்து பட்டியலை எழுதிக் கொடுங்கள். வழக்கறிஞரின் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். அவர் கையில் கொடுக்க வேண்டிய காகிதத்தைத் தயார் செய்தால் போதும். வெட்டுபவர் கையும் எழுதுபவர் கையும் சேர்ந்தால்தானே சங்கம்!

எங்கள் வீட்டில் இப்போது காத்தாடி சுழல்கிறது. பின்வாசலில் அந்தப் பழைய குழியிலேயே வேறொரு கறிவேப்பிலைக் கன்றை வைத்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த கன்று. அது இன்று கூரையைத் தொடுகிறது. ஆனால் இங்கே அமர்ந்திருக்கும் ஒரு குடும்பமாவது, பால் காய்ச்சப் போன நாளில் குழாயில்லாத சிங்க்கின் முன் நிற்கக்கூடாது. அதற்காகவே இதைச் சொன்னோம்.

வீடு பார்க்கப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துப் போங்கள்.